பீஆர் இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஷெயார் பண்ணுவதற்கு முன்னர் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்து வட்சப் குழுமங்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. வெளிநாட்டில் பீஆர் உள்ள, மார்க்கப்பற்றுள்ள, வசதியான தம்பதிக்கு ஒரு கைக்குழந்தை தேவை. கஷ்டப்படும் கர்ப்பிணித் தாய்மார் யாராவது இருந்தால் அறிவிக்கவும். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அதன் கீழே வரிசையாக மாஷா அல்லாஹ், ஜஸாகல்லாஹ்.

எண்ணத்தில் குறை சொல்லவில்லை. பிள்ளையில்லாத ஒரு பெண்ணை எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் என்னென்ன கேள்வி கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். மெல்பேனில் இருந்தாலும் ஸ்கார்பரோவில் இருந்தாலும் மாமி வீட்டுக் கேள்வி போனில் வந்து சேரும். அநாதைப் பிள்ளையைப் பொறுப்பேற்பதற்கு எங்கள் மார்க்கத்தில் எவ்வளவு உயர்ந்த இடம் இருக்கிறது என்பதையும் நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செய்தியை ஷெயார் பண்ணாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பதற்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பீஆர் என்ற சொல்லில் எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. பீஆர் கிடைத்துவிட்டால் அந்த நாட்டுக்காரர் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். வேலை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். பிள்ளை விஷயத்தில் நடக்காது. இங்கே ஒரு நீதிமன்றம் மகவேற்புக் கட்டளை தந்தாலும், அந்தப் பிள்ளையை அந்த நாட்டுக்குள் விடுவதா இல்லையா என்பதை அந்த நாடுதான் தீர்மானிக்கும். அங்கே குடியுரிமை உள்ளவருக்கு ஒரு கதவு, பீஆர் உள்ளவருக்கு இன்னொரு கதவு. சில நாடுகளில் இரண்டாவது கதவு மிகவும் ஒடுக்கம்.

ஆக ஒடுக்கமானது அமெரிக்காவில். வெளிநாட்டுப் பிள்ளையைத் தத்தெடுத்து நேரே கூட்டிக்கொண்டு போகும் விண்ணப்பங்கள் அங்கே குடியுரிமை உள்ளவருக்கு மட்டும்தான். கணவன் மனைவி இருவரில் ஒருவராவது அமெரிக்கப் பிரசையாக இருக்க வேண்டும். இருவருமே கிரீன் காட் என்றால் அந்த வழி இல்லை. அவர்களுக்கு உள்ள வழி இதுதான். பிள்ளைக்கு 16 வயது ஆவதற்கு முன்னர் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும். அதோடு 2 வருடங்கள் பிள்ளை அவர்களின் சட்டபூர்வப் பொறுப்பிலும், அவர்களோடு ஒரே வீட்டிலும் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மனுப் போடலாம். போட்ட பின்னர் வரிசை வேறு இருக்கிறது.

அந்த 2 வருடம் பிள்ளையோடு எங்கே இருப்பது? பிள்ளைக்கு அமெரிக்காவுக்குள் போக விசா இல்லை. அப்படியானால் தாயோ தகப்பனோ இங்கே வந்து இருக்க வேண்டும். கிரீன் காட் உள்ளவர் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே நின்றால் அந்தக் காட்டுக்கே ஆபத்து. முன்கூட்டியே விண்ணப்பித்து மீள்நுழைவு அனுமதி எடுத்தால் கூடியது 2 வருடம் தாக்குப்பிடிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று தொட்டிலில் உள்ள பிள்ளை, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், பாலர் பாடசாலை வயதில்தான் விமானம் ஏறும். அதுவரைக்கும் ஒரு குடும்பம் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்களை நான் மெச்சுவேன். தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் அதிகம்.

கனடா அவ்வளவு இறுக்கமில்லை. பீஆர் உள்ளவரும் தத்தெடுத்த பிள்ளையை ஸ்பொன்சர் பண்ணலாம். ஆனால் அவர் கனடாவில் வசித்துக்கொண்டுதான் பண்ண வேண்டும். பிரசையாக இருந்தால் வெளிநாட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம், பிள்ளையோடு திரும்பி வந்து வாழ்வேன் என்று காட்டினால் போதும். பீஆருக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் ஆட்கள் செய்வதைப் பாருங்கள். பிள்ளை கிடைத்துவிட்டது என்றவுடன் வேலையை விட்டுவிட்டு இரண்டு பேருமாக ஊருக்கு வந்து உட்கார்ந்து, இங்கேயிருந்து பைல் போடப் பார்ப்பார்கள். பைல் நிற்காது. ஒருவராவது அங்கே நிற்க வேண்டும். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கனடாப் பிரசை தத்தெடுத்தால் பிள்ளைக்கு நேரடியாகவே குடியுரிமை கேட்கலாம். பீஆர் என்றால் பிள்ளை முதலில் பீஆராகப் போய், பிறகுதான் குடியுரிமைக்கு வர வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் நிரந்தர விசா உள்ளவரும் தத்துப்பிள்ளை விசாவுக்கு ஸ்பொன்சர் ஆகலாம். பிரித்தானியாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி உள்ளவருக்கும் வழி உண்டு. ஆனால் இரண்டு இடத்திலும் தொடக்கம் அங்கேதான். அவுஸ்திரேலியாவில் மாநிலத் திணைக்களம் உங்கள் வீட்டுக்கு வந்து, வருமானம், உடல்நலம், பொலிஸ் அறிக்கை எல்லாம் பார்த்து, நீங்கள் தகுதியானவர்கள் என்று சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் வசிப்பவர் அந்த மதிப்பீடு இல்லாமல், தத்தெடுக்கும் நோக்கத்தோடு வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறைக்கும் இடமுண்டு. லண்டன் சாச்சா எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை அந்தச் சாச்சாவிடம் கேளுங்கள்.

வளைகுடாவில் இகாமாவில் உள்ளவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். அது வேலையோடு கட்டிய வதிவிட அனுமதி, பீஆர் அல்ல. இந்தப் பதிவு அவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, நாங்கள் இலங்கைப் பிரசைகள்தானே, எங்கள் நாட்டுப் பிள்ளையை எடுக்க எங்களுக்கு என்ன தடை என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். பாஸ்போட் இலங்கை, ஐடென்டிட்டி காட் இலங்கை. ஆனால் நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றி 1993இல் ஹேக் நகரில் ஒரு உடன்படிக்கை செய்யப்பட்டது. அதை முதலில் ஏற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995 மே 1 முதல் எங்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. நான் மேலே சொன்ன நான்கு நாடுகளும் அதில் இருக்கின்றன. அந்த உடன்படிக்கை பாஸ்போட்டைப் பார்ப்பதில்லை. வழமையாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. 10 வருடமாக சிட்னியில் குடியிருக்கும் எங்கள் ஊர்த் தம்பதி, இங்கேயிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து அங்கே கொண்டுபோக விரும்பினால், அது நாட்டுக்கு நாடு நடக்கும் மகவேற்பு. விண்ணப்பம் அவர்கள் வசிக்கும் நாட்டின் அதிகாரசபையில் தொடங்கும். அங்கேயிருந்து கொழும்பில் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு வரும். இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். பிள்ளை அந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்க அனுமதி கிடைக்கும் என்று அந்த நாடு முதலிலேயே உறுதிப்படுத்தவும் வேண்டும்.

இந்த உடன்படிக்கையில் எங்கள் வட்சப் செய்திக்கு நேர் எதிரான இரண்டு விஷயங்கள் உண்டு. தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகுதான் செல்லும். வயிற்றில் இருக்கும்போது பேசி முடிப்பது சம்மதமே அல்ல. மற்றது, தத்தெடுக்க வருபவர்கள் பிள்ளையின் பெற்றோரையோ பராமரிப்பவரையோ முன்கூட்டியே நேரில் போய்ச் சந்திக்கக் கூடாது. சொந்தக்காரருக்குள் நடக்கும் மகவேற்புக்கு இதில் விலக்கு இருக்கிறது. ஆனால் கஷ்டப்படும் கர்ப்பிணித் தாய் ஒருவரை இலக்கம் போட்டுத் தேடும் வேலைக்கு அந்த விலக்கு வராது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று எரிச்சல்படுகிறவர்கள் எங்கள் நாட்டுக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1970களிலும் 80களிலும் இங்கேயிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் பலரின் பத்திரங்கள் பொய். பெற்ற தாய் என்று அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவள் தாயே இல்லை. குழந்தைப் பண்ணைகள் இயங்கின. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை வெளியே கொண்டுவந்தபோது எங்கள் சுகாதார அமைச்சரே அதை ஒப்புக்கொண்டார். 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. இன்று 40 வயது கடந்த ஆண்களும் பெண்களும் அங்கேயிருந்து வந்து, கையில் ஒரு பழைய பத்திரத்தோடு, உம்மாவைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். அந்தக் காலத்திலும் பிள்ளையை ஒரு நல்ல குடும்பத்துக்குத்தானே கொடுக்கிறோம் என்றுதான் இடையில் நின்றவர்கள் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது விஷயம், எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். தங்கச்சி பிள்ளை பெறுவாள். ராத்தாவின் பெயரில் கிளினிக் காட், ராத்தாவின் பெயரில் வைத்தியசாலை அனுமதி. பிறப்புப் பத்திரத்தில் ராத்தாவும் மச்சானும் உம்மா வாப்பா. மகவேற்பும் வேண்டாம், கோடும் வேண்டாம், எல்லாம் சுலபம் என்று இதற்கு யோசனை சொல்லிக் கொடுப்பதற்கென்றே ஊருக்கு ஒருவர் இருக்கிறார்.

இது பொய்ப் பதிவு, குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பீஆர் உள்ளவருக்கு இது கழுத்தில் போட்ட சுருக்கு. விசா அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தால் டிஎன்ஏ பரிசோதனை கேட்கும். வருடக்கணக்கில் குழந்தையில்லாதவர் திடீரென்று ஊரில் வைத்துப் பிள்ளை பெற்றால் சந்தேகம் வராமல் இருக்குமா? பொய் பிடிபட்டால் பிள்ளையின் விண்ணப்பம் மட்டும் போகாது. கனடாச் சட்டத்தில் உண்மையை மறைத்தவருக்கு 5 வருடத் தடை. பீஆர் என்பது பறிபோகக்கூடிய ஒன்று என்பதை அப்போதுதான் உணர்வார்கள். பிள்ளை? தங்கச்சியின் வீட்டில், பத்திரத்தில் பெரியம்மாவின் மகளாக. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று அந்த வீட்டாரே முழிப்பார்கள்.

எங்கள் மார்க்கம் தடுப்பதும் சரியாக இதைத்தானே. ஸைத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மகன் போல வளர்த்தார்கள், மக்கள் முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தார்கள். பிறகு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தகப்பன்மாரின் பெயரோடு சேர்த்து அழைக்கும்படி வசனம் இறங்கியது. வளர்க்க வேண்டாம் என்று அல்ல. வம்சத்தை மறைக்க வேண்டாம் என்று. கோடுக்குப் போய்ப் பகிரங்கமாகத் தத்தெடுப்பதை ஹராம் என்று சொல்லும் அதே வாய், பொய்ப் பிறப்புப் பத்திரத்தைக் கண்டும் காணாமல் விடுவது எனக்கு விளங்கவில்லை.

இங்கேதான் கஃபாலா வருகிறது. பிள்ளையின் வம்சத்தை மாற்றாமல் பொறுப்பேற்று வளர்ப்பது. 1989ஆம் ஆண்டின் ஐநா சிறுவர் உரிமைகள் உடன்படிக்கை 20ஆம் உறுப்புரையில் கஃபாலாவைப் பெயர் சொல்லியே ஏற்றிருக்கிறது. அதனால் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கினால் விசா கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். கிடைக்காது. பள்ளிவாசல் கடிதம் குணநலச் சான்று, அவ்வளவுதான்.

கடிதத்தை விடுங்கள், ஒரு முஸ்லிம் நாட்டில் முறைப்படி பெற்ற கஃபாலாவே என்ன பாடுபட்டது என்று பாருங்கள். பிரான்ஸ் குடியுரிமை உள்ள ஒரு தம்பதி. கணவர் அல்ஜீரியப் பூர்வீகம், பிரித்தானியாவில் நிரந்தர வதிவுரிமை உள்ளவர். பிறந்தவுடன் கைவிடப்பட்ட ஒரு பெண் குழந்தையை 2011இல் அல்ஜீரியாவில் கஃபாலாவாகப் பொறுப்பேற்றார்கள். அதே வருடம் கணவர் வேலைக்காகப் பிரித்தானியா திரும்பினார், மனைவி பிள்ளையோடு அங்கேயே நின்றார். 2012இல் பிள்ளைக்கு விசா கேட்டார்கள், மறுத்தார்கள். வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போய், ஐரோப்பிய நீதிமன்றத்துக்கும் போனது. தீர்ப்பு வந்தது 2019 மார்ச் 26இல். கஃபாலாப் பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமமான வாரிசு அல்ல, ஆனால் குடும்பத்தின் வேறு அங்கத்தவராகக் கருதி, பிள்ளையின் நலனை முன்வைத்து அனுமதியைப் பரிசீலிக்க வேண்டும் என்றார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் தொட்டிலில் இருந்தபோது விசா கேட்ட பிள்ளைக்கு அப்போது 8 வயது. கனடாவோ 2013 ஜூலையில், பாகிஸ்தானில் உள்ளது பாதுகாவலர் முறைதான், மகவேற்பு அல்ல என்று சொல்லி, அங்கேயிருந்து பிள்ளை எடுப்பதையே நிறுத்திவிட்டது.

எங்கள் நாட்டில் நிலைமை வேறு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டம் முஸ்லிம்களுக்கும் திறந்திருக்கிறது. விண்ணப்பிப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நான் மௌலவி அல்ல, ஒரு பள்ளிக்கூட டீச்சர். என் அபிப்பிராயம் இது. தத்தெடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தக் கட்டளையைப் பெறுங்கள். அதை அரசாங்கத்துக்கும் விசா அலுவலகத்துக்குமான பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பிள்ளைக்குத் தன் வாப்பா யார் என்பதை விளங்கும் வயதிலேயே சொல்லுங்கள். சொத்தில் பங்கு வராது என்பதால் ஹயாத்தோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுங்கள், அல்லது மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் எழுதுங்கள். கைக்குழந்தை என்றால் பால்குடி உறவு பற்றி ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள். 2 வயதுக்குள், எங்கள் ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவை என்பது விதி. பெற்ற தாயாக இல்லாத பெண்ணுக்கும் வைத்திய உதவியோடு பால் சுரக்க வைக்கலாம். பெண் குழந்தை என்றால் வளர்ப்பு வாப்பாவின் சகோதரி பாலூட்டினாலும் மஹ்ரம் பிரச்சினை தீரும். கோடுக் கட்டளையே கூடாது என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மரியாதையாக நான் கேட்பது, அந்தப் பிள்ளை எந்தப் பத்திரத்தோடு விமானம் ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான்.

இனி நான் இதை எழுதத் தூண்டிய விஷயம். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தரம் 3இல் ஒரு பிள்ளை. உம்மாவும் வாப்பாவும் வபாத். உம்மும்மாவோடு இருக்கிறாள். உம்மும்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, சீனியும் பிரஷரும் வேறு. உம்மாவின் தங்கச்சி கனடாவில், பீஆர். சாச்சிக்குப் பிள்ளையை எடுத்துக்கொள்ள ஆசை. குடும்பம் 14 மாதமாகச் சண்டை பிடித்தது. பெரிய மாமா தத்தெடுப்பு ஹராம் என்றார். சட்டத்தரணி கட்டளை எடுக்காமல் ஒன்றும் நடக்காது என்றார். வாப்பா பக்கத்தார் எங்கள் பிள்ளையின் பெயரை மாற்ற விடமாட்டோம் என்றார்கள். பிள்ளை எந்தப் பாஷையில் அங்கே பாடம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் தேவையே இல்லாத சண்டை. பெற்றோர் இருவரும் மரணித்த, 18 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத சகோதரன், சகோதரி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தாரின் பிள்ளை ஆகியோரைத் தத்தெடுக்காமலேயே ஸ்பொன்சர் பண்ண கனடாச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பீஆர் போதும். பெயர் மாறாது, வம்சம் மாறாது. ஆனால் இருவரும் மரணித்திருக்க வேண்டும். வாப்பா எங்கேயோ போய்விட்டார், தொடர்பில்லை என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது. அவுஸ்திரேலியாவிலும் அநாதை உறவினர் விசா என்று ஒன்று இருக்கிறது, 117ஆம் வகுப்பு. அங்கே பெற்றோர் இறந்திருந்தாலும், நிரந்தரமாக இயலாதவர்களாக இருந்தாலும், எங்கே என்று தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு இத்தனைதான் என்ற வரையறை இருப்பதால் வரிசை உண்டு. பிரித்தானியாவிலும், வேறு வழியில்லாத நிலைமையில் அங்கே நிரந்தரமாகக் குடியேறிய உறவினரிடம் பிள்ளையை அனுப்ப ஒரு விதி இருக்கிறது, ஆனால் காரணங்களைப் பலமாகக் காட்ட வேண்டும்.

எங்கள் சமூகத்தில் வெளிநாட்டில் உள்ளவர்கள் எடுக்க நினைப்பது பெரும்பாலும் சொந்தத்துப் பிள்ளையைத்தான். சுனாமியிலும் யுத்தத்திலும் அதன் பிறகும் எத்தனை பிள்ளைகளை மாமாவும் சாச்சியும் பெரியம்மாவும் வளர்த்தெடுத்தார்கள். அப்படியானவர்கள் தத்தெடுப்பு ஹலாலா ஹராமா என்று தொடங்குவதற்கு முன், எங்கள் பிள்ளைக்குத் தத்தெடுப்பு தேவைதானா என்று பார்க்க வேண்டும். அந்தச் சாச்சியின் விண்ணப்பம் இப்போதுதான் போயிருக்கிறது. இரண்டு மரணப் பத்திரங்களில் ஒன்றில் பெயர் எழுத்து வித்தியாசம், அதற்குச் சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு என்று இன்னும் அலைச்சல் இருக்கிறது. 14 மாதம் முந்திப் போயிருக்கலாம்.

பொறுத்திருந்து குடியுரிமை எடுத்த பிறகு செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். கைக்குழந்தை ஒன்றை இனித்தான் தேடப் போகிறீர்கள் என்றால், அதுவும் அமெரிக்காவில் என்றால், பொறுப்பது புத்தி. கிரீன் காட் கிடைத்து பொதுவாக 5 வருடத்தில் விண்ணப்பிக்கலாம். கனடாவில் 5 வருடத்துக்குள் 1,095 நாட்கள் அங்கே இருந்திருந்தால் போதும். ஆனால் பிள்ளை ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் 14, 15 வயது என்றால் பொறுக்காதீர்கள். அங்கே 16 என்றும் 18 என்றும் வயதெல்லை போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துத் தக்கவைத்தால் அன்றி. அதையும் யோசித்துச் செய்யுங்கள்.

யாருக்காவது பத்திரங்களை ஒழுங்குபடுத்த, படிவம் விளங்கிக்கொள்ள உதவி தேவையென்றால் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பதிவு, மரணப் பத்திரம் இருந்தால் அதுவும், வெளிநாட்டில் உள்ளவரின் விசாப் பிரதியும் கொண்டுவாருங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் போய்ச் சந்தியுங்கள், காசு கொடுக்கத் தேவையில்லை. தயவுசெய்து எந்தப் பிள்ளையின் படத்தையும் கமெண்டில் போட வேண்டாம். இந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று இன்பொக்ஸில் எனக்கு அனுப்பவும் வேண்டாம். அப்படி யாராவது உங்களிடம் காசு பேசி வந்தால் 1929க்கு அழையுங்கள்.